சாவி தேடாதீர்கள், கடிகாரம் பாருங்கள்!



போன மாதம் சாரம் காமராஜர் சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலில் இளைஞர் ஒருவர் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். நொடியில் கூட்டம் கூடியது. "சாவி இருக்கா, சாவி?" என்று ஒரே சத்தம். ஒருவர் தன் வண்டிச் சாவியைக் கொடுத்தார். வலிப்பு நின்றதும் பெருமையாகச் சிரித்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவனுக்கு வலிப்பு வந்தபோது பீரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தவன் நான்தான். கை உதறியதில் சாவி முனை பட்டு அவன் நெற்றி கிழிந்தது. அது வலிப்பு தந்த காயமல்ல, வாத்தியார் தந்த காயம்.

சாவி கொடுத்தால் நிற்கிறதே என்பீர்கள். மூளை நரம்புகளில் ஓடும் மின்சாரம் திடீரென்று தாறுமாறாவதால் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுக்கவே அவ்வளவு நேரமாகுமே! வெண்டைக்காயைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்.

பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் கல், நாற்காலி இருந்தால் நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். கை கால்களை அமுக்கக் கூடாது. வாயில் கரண்டி, துணி எதையும் திணிக்கக் கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். உங்களுக்கென்றே ஒரு வேலை உண்டு: கடிகாரத்தைப் பார்ப்பது! 5 நிமிடம் தாண்டினாலோ, அடங்கி மறுபடி வந்தாலோ, முதல் முறை வந்த வலிப்பு என்றாலோ உடனே 108.

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் நம் புதுச்சேரி. அதன் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. இந்த ஊரில் இன்னும் சாவி தேடலாமா? ஐந்தாம் வகுப்பிலேயே இதைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும் என்பேன். ஒரு பீரியட் போதும்.

அந்தப் பையன் மறுவாரம் வந்தபோது பெஞ்சில் அவன் பக்கம் காலி. ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலிப்பு ஒட்டாது. பறந்து பறந்து பந்து பிடித்த தென்னாப்பிரிக்க வீரர் ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு நோய் இருந்தது. அணியில் யாருக்கும் அது ஒட்டவில்லை. எவ்வளவோ சொல்லியும் ஒருவனும் அசையவில்லை. கடைசியில் ஒரு குட்டிப் பயல் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் அருகில் உட்கார்ந்தான். கோலி ஆட ஜோடி வேண்டுமாம் அவனுக்கு!