விருந்தாளிக்குத் திண்ணை போதும்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணி இருக்கும். மறுநாள் இட்லிக்கு ஆட்டிய மாவை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். கூடத்தில் யாரோ இருமுவது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. மூலையில் சிவனே என்று கிடந்த பிரிண்டர், தானாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது!

பயந்துதான் போனேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பன்னிரண்டு தாள்கள். எடுத்துப் பார்த்தால் ஏதோ மின்சாரச் சுற்றுப் படங்களும் கணக்குகளும். பேயாக இருந்தாலும் இன்ஜினீயரிங் படிக்கிற பேய் என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

காலையில் விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்கு முன் எதிர் வீட்டு அக்கா வந்து, "ஏனுங்க, உங்க வைஃபை பாஸ்வேர்டு கொஞ்சம் குடுங்க. எங்கூட்ல நெட்டு வரலீங்க, பையனுக்கு ரிசல்ட்டுப் பாக்கோணும்" என்று கேட்டிருந்தார். கொடுத்தேன். அவர் பையன் தன் சித்தி மகனுக்குக் கொடுத்திருக்கிறான். சித்தி மகன், மாடி அறையில் தன்னோடு தங்கியிருக்கும் கல்லூரி நண்பனுக்குக் கொடுத்திருக்கிறான். அந்த நண்பன்தான் எங்கேயோ அச்சடிப்பதாக நினைத்துக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் அச்சடித்தவன். நல்ல பிள்ளை. வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாள்களையும் வாங்கிக்கொண்டு போனான்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அன்று மத்தியானம் என் மகள் லாப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இந்த ஃபோல்டரை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறாயே?" என்றாள். அவள் கல்யாணத்துக்காக நான் போட்டு வைத்த நகைப் பட்டியல், எங்கள் எல்லோருடைய ஆதார் நகல், வங்கிக் கடன் பத்திரம் அத்தனையும் அதில்தான் இருந்தன. பிரிண்டர் வரைக்கும் வந்தவன் மனசு வைத்திருந்தால் அதையும் பார்த்திருக்கலாம். அவன் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்பதுதான் உறுத்துகிறது.

சகோதரிகளே, நம் வீட்டுச் சாவிக்கொத்தை யாரிடமாவது கொடுத்து அனுப்புவோமா? பீரோச் சாவியை மாமியாரிடம் கொடுப்பதற்கே யோசிப்பவர்கள் நாம். ஆனால் வைஃபை பாஸ்வேர்டு என்றால் ஒரு கரண்டி சர்க்கரை மாதிரி நீட்டிவிடுகிறோம். சர்க்கரை செலவாகிவிடும். பாஸ்வேர்டு செலவாவதில்லை, ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதோடு, வைஃபை நம் வீட்டுச் சுவரோடு நிற்பதும் இல்லை. காம்பவுண்டைத் தாண்டித் தெருமுனை வரையில்கூடப் போகும்.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? 2008-ம் வருஷம் ஜூலை 26-ம் தேதி ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று போலீஸார் தேடிக்கொண்டு போனபோது, நவி மும்பையில் சான்பாடா என்ற இடத்தில், வேலை நிமித்தம் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய பூட்டில்லாத வைஃபையை யாரோ வெளியிலிருந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நிரூபணமாகும் வரையில் அவருடைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அவரைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்டது. அதே ஆகஸ்டில் மாதுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், செப்டம்பரில் செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்தும் இதே மாதிரி கடிதங்கள் போயின. 2009 ஜனவரியில் மும்பைப் போலீஸாரே தெருத் தெருவாகப் போய், யார் வீட்டு வைஃபை திறந்து கிடக்கிறது என்று பார்க்கும்படி ஆயிற்று.

1998 பிப்ரவரியைப் பார்த்த கோயமுத்தூர்க்காரர்களுக்கு, அப்படிப்பட்ட நாட்களில் வாசலில் போலீஸ் வந்து நிற்பது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் எதிர் வீட்டு அக்கா கேட்டால் "முடியாதுங்க" என்று சொல்லிவிட வேண்டுமா? நமக்கு வாய் வராது. வாசலில் வந்து நின்றவரை "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இந்தத் தர்மசங்கடத்துக்கு வழி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் திண்ணையில் உட்காரலாம், மோர் குடிக்கலாம், ஊர்க்கதை பேசலாம். உள்கட்டுக்கும் சமையலறைக்கும் வீட்டு மனிதர்கள்தான் போவார்கள். அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இப்போது வருகிற வைஃபை பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று உண்டு. அதுதான் திண்ணை. அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் வருகிறவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். வீட்டு லாப்டாப்பும் பிரிண்டரும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் ஒன்று. திண்ணை வழியாகப் போகிற கடிதத்துக்கும் நம் வீட்டு விலாசம்தான். ஆகவே அந்தப் பாஸ்வேர்டையும் தீபாவளி பொங்கலுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

இதைச் செய்ய அந்தப் பெட்டியின் உள்ளே நுழைய வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். பெட்டிக்குப் பாஸ்வேர்டு இரண்டு. ஒன்று, வைஃபையில் சேருவதற்கு. மற்றொன்று, பெட்டியின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. முதலாவது தெருக்கதவுச் சாவி என்றால், இரண்டாவது பூட்டையே மாற்றுகிற ஆசாரியின் கையிலுள்ள உளி. எங்கள் வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, முதலாவதற்கு என் கணவரின் போன் நம்பரைப் போட்டுவிட்டு, இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது தயாரிப்பாளர் வைத்தபடி 'அட்மின்' என்றே கிடந்தது. உலகத்தில் பாதிப் பெட்டிகளுக்கு அதே சாவி என்று சொன்னால்கூட எனக்கு ஆச்சரியமிராது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில், 192.168.1.1 என்பது போல ஒரு விலாசம் இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு அதை லாப்டாப்பில் தட்டினால் உள்ளே போகலாம். முதல் வேலையாக அந்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு நீளமாக இருப்பதுதான் முக்கியம். போன் நம்பர், குழந்தை பெயர், பிறந்த வருஷம் எதுவும் உதவாது. கடப்பாரை, கத்தரிப்பூ, சித்தப்பா, சிறுவாணி என்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். இதையே வைத்துவிடாதீர்கள், இந்தப் பத்திரிகையை உங்கள் தெருவில் எல்லோரும் படிக்கிறார்கள்!

பெட்டியைத் திறந்த கையோடு இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது டபிள்யூ.பி.ஏ. 3 என்று இருக்க வேண்டும். முன்னது 2004-ல் வந்தது, பின்னது 2018-ல். பழைய டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் பூட்டே இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. அடுத்தது, டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி. பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக ஏற்பட்ட எட்டு இலக்க எண் அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி முறை முயல வேண்டும் என்றுதானே நினைப்போம்? பெட்டி அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றைக் கூட்டிப் பெருக்கி வருவது. ஆகவே பதினோராயிரம் முறை முயன்றாலே திறந்துகொள்ளும் என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள். அதை அணைத்துவிடுங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை.

லாப்டாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய வைஃபையில் சேரும்போது, இது 'பப்ளிக்'கா 'பிரைவேட்'டா என்ற ஒரு தேர்வு விண்டோஸில் உண்டு. ரெயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாவற்றிலும் 'பப்ளிக்' என்றே இருக்கட்டும். அப்போது லாப்டாப் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குத் தெரியாது. எனக்கு நடந்தது போல ஃபோல்டரைப் பொதுவில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'அப்டேட்' கேட்டால் "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிப்போடுகிற பழக்கம் என்னிடமும் இருந்தது. 2017-ல் டபிள்யூ.பி.ஏ. 2 பூட்டிலேயே ஓர் ஓட்டை இருப்பதை பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை அடைத்தது இந்த அப்டேட்டுகள்தான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கு வழக்கமாக வரும் திருத்தங்கள் நின்றுவிட்டன. தனியே பதிவு செய்துகொள்பவர்களுக்குத்தான் கொஞ்ச காலம் நீட்டிப்பு.

வெளியூர் போகும்போது இன்னொரு சங்கதி. ஒப்பணக்கார வீதியில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையாவது பலகையில் எழுதித் தொங்கவிட்டால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் வைஃபைக்குப் பெயர் வைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஸ்டேஷனில் இருக்கிற இலவச வைஃபையின் பெயரையே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் பெட்டிக்கும் வைக்கலாம். லாப்டாப் முன்பு சேர்ந்த பெயரைப் பார்த்தால், அசலா போலியா என்று விசாரிக்காமல் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். ஆகவே 'தானாகச் சேர்' என்ற குறியை வீட்டு வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எடுத்துவிடுங்கள். பணம் அனுப்ப வேண்டியிருந்தால் உங்கள் செல்போனின் ஹாட்ஸ்பாட்டே போதும். இப்போது வங்கித் தளங்கள் எல்லாம் பூட்டிய உறையில் அனுப்புவது போலத்தான் விவரங்களை அனுப்புகின்றன. முன்போல வழியில் எட்டிப் பார்த்துப் படித்துவிட முடியாது. ஆனால் போலித் தளத்திலும் அந்தப் பூட்டுப் படம் இருக்கலாம், ஜாக்கிரதை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

நான் எல்லாவற்றையும் மாற்றிய அன்று சாயங்காலமே எதிர் வீட்டு அக்கா வந்துவிட்டார். "ஏனுங்க, உங்க நெட்டுப் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க, மாத்திட்டனுங்க" என்று சொல்லிப் புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதென்னங்க, 'திண்ணை'ன்னு பேரு?"

"உக்காருங்க, காப்பி போடறேன். சொல்றேன்" என்றேன்.