வாயற்றவர் நோவு

மூன்று நாட்களாகத் தன் காதை ஓயாமல் அறைந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையை அவன் தாயார் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிச் சென்றார். அவன் அறிவு வளர்ச்சி குன்றியவன். நடையும் பேச்சும் இல்லாதவன். ஆங்கே கிடைத்த தீர்ப்பு யாதெனின், "இப்படிப்பட்ட பிள்ளைகள் இப்படித்தான் செய்யும்" என்பதே! உறக்க மருந்து கொடுத்து அனுப்பிவிட்டனர். சீழ் வடிந்து தலையணை நனைந்த பின்னரே, காதினுள் விளக்கடித்துப் பார்க்க ஒருவருக்கு மனம் வந்தது. எமது தோட்டத்தில் நாம் கண்ணாரக் கண்டது இது. நாம் கணக்கெழுதும் கிராணிகள், வைத்தியம் கற்றவரல்லோம். ஆயினும் காதை அடித்துக்கொள்பவனுக்குக் காதைப் பார்க்கவேண்டும் என்றறிய வைத்தியக் கல்லூரி வேண்டுமோ?

குறையைக் கண்டு நோயைக் காணாதொழியும் இக்குருட்டுத்தனம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் இத்தகையோர் 247 பேரின் மரணங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான விசாரணை அறிக்கை, ஆண்கள் மற்றவரினும் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முந்தி மாண்டனர் என்று காட்டிற்று. நோயறிவதிலும் சிகிச்சையிலும் நேர்ந்த தாமதங்களையும் எடுத்துரைத்தது. விழுங்கும் வலிமை குன்றியவனுக்கு உணவு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வரும். கவனியாத மலச்சிக்கலும் உயிரைக் குடிக்கும். இவையெல்லாம் தடுக்கக்கூடியவை.

நம்மவருள் சிலரோ, "முற்பிறப்பின் வினை" என்று கைகழுவுகின்றனர். வினைதான் காரணமெனில், இப்பண்டிதர்கள் தம் பல் வலித்தால் பல்வைத்தியரிடம் ஓடுவானேன்? தாய் வாயடைத்து நிற்பதற்கும், வைத்தியர் கேள்வியின்றித் தப்புவதற்கும் இப்பேச்சே துணை.

சட்டம் இல்லையா? உண்டு. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தன் 35-ஆம் பிரிவில் சுகாதார வசதி பெறும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் அதை மறுப்பவருக்குத் தண்டனை ஏதும் வகுக்காமலே அது இயற்றப்பட்டது. முள்ளில்லா வேலி!

நாம் கேட்பது மாளிகையன்று. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 'மருத்துவமனைப் பாஸ்போர்ட்' என்றொரு தாள் வழங்குகிறது. இவர் வலியை எவ்வாறு காட்டுவார், எதை விழுங்குவார், எதற்கு அஞ்சுவார் என்று வளர்த்தவர் எழுதிக் கொடுப்பது அது. அத்தாளை இங்கும் ஏற்கவேண்டும். வார்டில் இரவும் பகலும் தாயை உடனிருக்க விடவேண்டும். அவள் "இது வலி" என்றால் பரிசோதித்த பின்னரே மறுக்கவேண்டும். அச்சடிக்கப் பணமில்லை என்று எந்த ஆஸ்பத்திரியாவது சொல்லுமானால் எமக்கு எழுதட்டும். கூலியைத் தோட்டத்தில் திரட்டி அனுப்புகிறோம்.