ஜிப் போல பிரிந்த பிளாஸ்டிக்... பூட்டு போட்டது யார்?

ஜாக்கெட்டில் இருக்கும் தடிமனான பிளாஸ்டிக் ஜிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பற்கள் பெரும்பாலும் பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக். காமெடி என்னன்னா, அந்த பிளாஸ்டிக்கே ஒருகாலத்தில் ஜிப் மாதிரிதான் பிரிந்துகொண்டிருந்தது.

சிம்பிளா சொன்னா, ஆல்டிஹைடு மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்து சங்கிலியாவதுதான் ஆல்டிஹைடு பாலிமராக்கம். ரஷ்ய வேதியியலாளர் பட்லெரோவ் 1859-லேயே ஃபார்மால்டிஹைடு சங்கிலியான வெள்ளைப் பொருளைத் தயாரித்துவிட்டார். ஆனால் அது சங்கிலி என்பது அவருக்கே தெரியாது!

1920-களில் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் அதைக் கையில் எடுத்தார். ராட்சத மூலக்கூறுகள் உண்டு என்று அவர் சொன்னபோது, ‘சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்’ என்பதே பலரின் வாதம். அவரோ வெவ்வேறு நீளச் சங்கிலிகளைப் பிரித்தெடுத்து, நீளம் கூடக்கூட குணம் படிப்படியாக மாறுவதைக் காட்டினார். நோபல் பரிசு வந்தது 1953-ல், 72 வயதில். ரொம்ப லேட்!

சிக்கல் சூட்டில் இருந்தது. சூடேறினால் சங்கிலியின் முனை திறந்து, ஃபார்மால்டிஹைடு ஒவ்வொன்றாகக் கழன்று வாயுவாகிவிடும். இதை வைத்து பல்சக்கரம் செய்ய முடியுமா? டூபான்ட் நிறுவனம் முனைகளை அசெட்டிக் அன்ஹைட்ரைடால் மூடி, 1960-ல் ‘டெல்ரின்’ என்று விற்றது. செலனீஸ் வேறு வழியில் போனது. சங்கிலி நடுவே எத்திலீன் ஆக்சைடைச் செருகியது. பிரிதல் அங்கே வந்ததும் நின்றுவிடும்.

இங்கேதான் என் கருத்து. ‘பிளாஸ்டிக் என்றாலே அழியாது’ என்று நாம் எழுதுவது பாதி உண்மைதான். இந்த பிளாஸ்டிக் தானாகப் பிரியக்கூடியது. பிரியாமல் இருக்க வைத்தது மனிதர்கள் எடுத்த முடிவு. அதைக் குறை சொல்லவில்லை, பல்சக்கரம் உறுதியாகத்தான் இருக்கணும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அந்தப் பூட்டு தேவையா?

மாற்று உதாரணமும் இருக்கு. தாலால்டிஹைடு என்ற இன்னொரு ஆல்டிஹைடைக் கடுங்குளிரில் பாலிமராக்கி, 1980-களில் ஐபிஎம் விஞ்ஞானிகள் இட்டோவும் வில்சனும் சிப் தயாரிப்பில் சோதித்தார்கள். ஒளி பட்டதும் உருவாகும் அமிலம் சங்கிலியை உடைக்க, அந்த இடம் மட்டும் மறைந்துவிடும். வேலை முடிந்ததும் வெயிலில் காணாமல்போகும் கருவிகளுக்காக, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் குழு இதே பாலிமரைக் கையாள்கிறது.

அப்போ பழைய ஃபார்மால்டிஹைடு சங்கிலியின் பூட்டைத் திறந்து கேரி பேக் செய்யலாமா? வேண்டாம். அது பிரிந்தால் வருவது புற்றுநோய் உண்டாக்கும் வாயு. பிரிவது மட்டும் போதாது, பிரிந்து என்னவாகிறது என்பதையும் ‘மக்கும்’ முத்திரை குத்தும் கம்பெனிகளிடம் கேட்கணும்.