நான்கு ரூபாயும் இருபத்தொரு நாளும்

ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பங்களில் பொழுது விடிவதே பால் பாக்கெட்டோடுதான். 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நந்தினி நீலப் பாக்கெட் லிட்டர் 46 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் 44 ரூபாய்க்கு 1,050 மில்லி கிடைத்தது. இப்போது அந்த 50 மில்லியும் போயிற்று. கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 4 ரூபாய் உயர்வு. இல்லத்தரசிகள் முணுமுணுத்ததில் வியப்பில்லை. ஓசூரைத் தாண்டினால் இதே ரகப் பாலை ஆவின் 40 ரூபாய்க்குத் தருகிறதே என்று கேட்டவர்களும் உண்டு.

இந்த 4 ரூபாயும் மாடு வளர்ப்போருக்கே போய்ச் சேரும் என்றது கர்நாடக அரசு. சேரட்டும். ஆனால் அது அவர்கள் கையில் தங்குமா?

ஆனேக்கல், ஒசகோட்டை, தேவனஹள்ளிப் பக்கத்தில் இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் வருடம் கேழ்வரகு அறுவடையில் தொடங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும் தாள்தான் அடுத்த கோடை வரைக்கும் தீவனம். மழை பொய்த்தால் தாள் இல்லை. 2023-இல் மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2024 கோடையில் பெங்களூர்வாசிகள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். கறக்கிற மாடு ஒன்றுக்கு வெயில் காலத்தில் நாளைக்கு அறுபது லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும் என்பதை அப்போது எத்தனை பேர் நினைத்தார்கள்?

பங்குனி, சித்திரை வெயிலை ஹோல்ஸ்டீன் இரத்தம் தாங்காது. மாடு இரைக்கும், தீனி குறையும், பாலும் குறையும். கொழுப்பு குறைந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் விலையும் குறையும். இதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. வெயிலில் மாடு பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, அறிகுறி காட்டாது. ஒரு தடவை தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் கன்று தள்ளிப் போகிறது, அடுத்த கறவையும் தள்ளிப் போகிறது. தீனிச் செலவு மட்டும் தள்ளிப் போவதில்லை. இரண்டு, மூன்று தடவை தவறினால், ஏற்றிக் கொடுத்த நான்கு ரூபாய் போன இடம் தெரியாது. சினை ஊசி போடுபவர் உரிய நாளில் கொட்டிலுக்கு வருகிறாரா என்பது விலை உயர்வைக் காட்டிலும் பெரிய கேள்வி. அமைச்சர்கள் அறிவிக்கத் தோதான விஷயம் அல்ல அது!

மழைக்காலத்தில் மடிநோயும் கோமாரியும். 2013-இல் கோமாரி கர்நாடகத்தில் பல கொட்டில்களைக் காலி செய்தது. 2022-இல் தோல் கட்டி நோய் வந்தது. ஆட்டம்மைத் தடுப்பூசியைக் கொண்டே அதைச் சமாளிக்க வேண்டியிருந்தது. மாட்டுக்கென்றே தயாரான ஒரு தடுப்பூசிக்கு 2025 பிப்ரவரியில் உரிமம் கிடைத்தது. அதைத் தயாரித்த நிறுவனம் இருப்பது தொலைவில் அல்ல, மாலூரில்.

கிடாரி பிறந்தால் மகிழ்ச்சி. காளைக் கன்று பிறந்தால்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. 2021-இல் நடைமுறைக்கு வந்த பசுவதைத் தடைச் சட்டம் காளை, எருது எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. சட்டத்தை ஆதரிப்போர் சொல்லும் காரணம் எதுவாயினும், கிழ மாட்டுக்குத் தீனி போடுகிறவர் அதை வைத்திருக்கும் ஏழைதான். கிடாரியே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்து ஊசி வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது பலிக்கிறது என்கிறார்கள். சாதாரண ஊசியைவிட விலை அதிகம். சினை பிடிக்கும் வாய்ப்பும் சற்றுக் குறைவு.

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. 1923-இல் பெங்களூரில் தொடங்கிய கால்நடை, பால்வள நிலையத்துக்கு 1927-இல் காந்தியடிகளே மாடு பராமரிப்புப் பயில வந்தார். அந்த ஓசூர் சாலையிலிருந்து ஆனேக்கல் கொட்டிலுக்கு எத்தனை மைல்?