கற்பிக்கக் கற்பிப்போர் யார்?

ரயில் எஞ்சினை ஓட்ட ஆள் தேவை என்றால், எஞ்சினைப் பற்றிப் புத்தகம் படித்தவர் போதும் என்று எந்த ரயில்வே நிர்வாகமும் சொல்வதில்லை. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். துணை ஓட்டுநராக உட்கார வைக்கிறார்கள். நன்கு பழகிய பிறகே பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். லாரி ஓட்ட உரிமம் வேண்டுமா? சிறு வண்டி உரிமத்தை ஓராண்டாவது வைத்திருந்தால்தான் பழகுவதற்கே அனுமதி! ஆலையிலே லேத் முன் நிற்கவேண்டுமா? அதற்கெனத் தொழில் பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அகரம் சொல்லித்தர வேண்டுமா? ஈராண்டுப் பயிற்சி, அதற்குமேல் தகுதித் தேர்வு!

ஆனால் தோழர்களே, கல்லூரியிலே அறுபது இளைஞர்கள் முன் நின்று பொருளாதாரமும் வேதியியலும் போதிக்க என்ன பயிற்சி வேண்டும் என்கிறார்கள்? பாடத்தில் பட்டம் இருக்கிறதா, போதும்! தேசியத் தகுதித் தேர்வில் தேறியவரா, போதும்! இன்று ஆணை கைக்கு வரும். நாளை சுண்ணாம்புக் கட்டி கைக்கு வரும். நடுவிலே ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல் வகுப்புக்குள் நுழைபவர் எத்தனையோ பேர்.

1989-இல் தொடங்கிய அந்தத் தேர்விலே கற்பிக்கும் ஆற்றல் பற்றியும் கேள்வி உண்டே என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. நான்கு விடை தந்து ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். நீச்சல் தெரியுமா என்பதைக் கிணற்றிலே இறக்கிப் பார்க்காமல், காகிதத்திலே கோடிட்டுக் காட்டச் சொல்வது போன்றது அது!

இதனால் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு நட்டம் இல்லை. கல்லூரியிலே புரியாததைத் தனி வகுப்பிலே வாங்கிக்கொள்வான்; வீட்டிலே படித்த தந்தை இருப்பார். நட்டமெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான். தறி ஓட்டுபவன் மகன், மூட்டை தூக்குபவன் மகள், குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். தமிழிலே படித்து வந்த அந்தப் பிள்ளை, ஆங்கிலத்திலே வேகமாக ஓடும் விரிவுரையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறது. புரியவில்லை. எழுந்து கேட்கக் கூச்சம். "நமக்கு மண்டையில் ஏறவில்லை" என்று தன்னையே நொந்துகொள்கிறது. ஏறாதது மண்டையின் குற்றமா, ஏற்றத் தெரியாததன் குற்றமா என்று யாரும் ஆராய்வதில்லை!

உயர்கல்விச் சேர்க்கையிலே 2021-22 கணக்குப்படி தமிழ்நாடு 47 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் 28 விழுக்காடுதான். பெருமைதான், மார்தட்டலாம். ஆனால் வாசலைத் திறந்துவிட்டவர்கள், உள்ளே வந்த பிள்ளை என்ன பெற்றது என்று பார்க்கவேண்டாமா? பந்திக்கு அழைத்து இலையும் போட்டுவிட்டுச் சோறு போடத் தெரியாதவரை நிறுத்தலாமா?

அந்த இளம் ஆசிரியரை நாம் பழிக்கவில்லை. தான் எப்படிக் கேட்டாரோ அப்படியே சொல்கிறார். தன் ஆசிரியர் வாசித்ததைத் தானும் வாசிக்கிறார். வேறு வழி அவருக்கு யார் காட்டினார்கள்? பழி, காட்டவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு காட்டாதவர்களுக்கே உரியது.

திட்டம் இல்லையா? உண்டு! 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை நாடெங்கும் அமைத்தது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நம் பல்கலைக்கழகங்களிலே அவை இயங்கின. 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023-இல் மாளவியா பெயர் ஏறியது. பலகை எழுதுபவருக்கு வேலை கிடைத்தது. வகுப்பறைக்கு என்ன கிடைத்தது? சில வாரம் சொற்பொழிவு கேட்கிறார்கள். இப்போது பலவற்றைக் கணினித் திரையிலேயே நடத்துகிறார்கள். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால் வருவோரே மிகுதி. வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டு கழித்து வருவோரும் உண்டு. அதற்குள் எத்தனை வகுப்புப் பிள்ளைகள் கடந்து போயிருப்பார்கள்!

பிற நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-லேயே கற்பித்தலை ஆராயவும் வளர்க்கவும் தனி மையம் கண்டது. நார்வே 2019-இல் விதி செய்தது: பல்கலைக்கழக ஆசிரியருக்குக் குறைந்தது 200 மணி நேரக் கற்பித்தல் பயிற்சி வேண்டும், சேரும்போது இல்லையென்றால் இரண்டாண்டுக்குள் முடிக்கவேண்டும்! அவ்வளவு தொலைவும் போகவேண்டாம், பக்கத்து இலங்கையிலே தகுதிகாண் விரிவுரையாளர் பணியிலே நிலைபெற, கற்பித்தல் பயிற்சியை முடித்தாகவேண்டும்.

"நல்லாசிரியன் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை" என்று சில மேதாவிகள் தத்துவம் பேசுவார்கள். பிறவியிலே திறமை என்ற பேச்சு நமக்குப் புதிதா? அப்பன் தொழிலை மகன் செய்யட்டும், பள்ளி பாதி நாள் போதும் என்று 1953-இல் வந்த திட்டத்தை 1954-இல் விரட்டிய நாடு இது! திறமை பிறவியில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது.

சான்று வேண்டுமா? அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடி காத்திருக்கப் பழக்கினார். விடைகள் நீண்டன, வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். இரண்டு விநாடிப் பொறுமை! இதற்கு எந்தப் பிறவி வரம் வேண்டும்? 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளிலே ஆசிரியர் மட்டும் பேசிய இடத்தில் தோற்றவர் ஏறத்தாழ 34 விழுக்காடு. மாணவரையும் பேசவைத்து, செய்யவைத்த இடத்தில் 22 விழுக்காடு. மேடையிலே பேசிப் பழகிய நாம் சொல்கிறோம்: கைதட்டல் வேறு, கற்றல் வேறு. கூட்டம் கலைந்தால் பேச்சாளன் வேலை முடிந்தது. வகுப்பு கலைந்த பிறகு மாணவன் தலையில் என்ன தங்கியது என்பதிலேதான் ஆசிரியன் வேலை இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதலாண்டிலேயே பயிற்சி தருக. அந்த ஆண்டு வகுப்புச் சுமையைக் குறைத்து, ஊதியத்தைக் குறைக்காமல் தருக. மண்டபத்திலே சொற்பொழிவாக அல்ல, வகுப்பறையிலே செயலாகத் தருக: மூத்த ஆசிரியர் பின்வரிசையில் அமரட்டும், குறையைத் தனியே சொல்லட்டும், நிறையைப் பலரறியச் சொல்லட்டும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழ் வழி வந்த பிள்ளைக்கு விளங்கவைக்கும் வகையைத் தமிழிலேயே கற்றுத் தருக. அரசுக் கல்லூரிகளைத் தாங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களை ஒதுக்காதீர்கள். பெயரிலே கௌரவம், பயிற்சியிலே புறக்கணிப்பு என்பது என்ன நியாயம்?

தோழர்களே! உங்கள் ஊர்க் கல்லூரியிலே பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, கூலி போனாலும் போகட்டும் என்று ஒரு நாள் செல்லுங்கள். கட்டடம் எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள். "இந்த ஆண்டு புதிதாக வந்த ஆசிரியருக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?" என்று கேளுங்கள். விடை வரத் தாமதமானால் மூன்று விநாடி காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால், உரக்கக் கேளுங்கள்!