விதைத்த புல்லும் பசித்த பறவையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இரண்டொரு ஆடுகளேனும் இருக்கும். குர்பானிக்கென வளர்க்கும் கிடாவாயினும், மேச்சேரிச் செம்மறியாயினும் அவற்றிற்குப் புல் வேண்டும். மழையை நம்பிக் கொழுக்கட்டைப் புல் விதைக்கிறோம். மறுநாள் காலையில் புறாவும் கவுதாரியும் மயிலும் நிலத்தைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. மிஞ்சியதை எறும்பு இழுத்துச் செல்கிறது.

இந்த விதை பஞ்சு போன்று இலேசானது. அரை அங்குலத்திற்கு மேல் ஆழத்தில் விழுந்தால் முளை வெளிவரத் திணறும். எனவே மேலாகத்தான் தூவ வேண்டும். மேலாகத் தூவியது பறவைக்கு இரையாகும். சிக்கல் இதுதான்.

இதற்கு எளிய வழி, விதையை மண்ணுக்குள் மறைத்துவிடுவதே. சலித்த செம்மண்ணோடு சாணத்தூளைக் கலந்து, நீர் தெளித்துப் பிசைந்து, விதையைச் சேர்த்துப் பட்டாணி அளவில் உருட்டி நிழலில் உலர்த்துங்கள். நம் வீட்டுப் பெண்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஜப்பானிய இயற்கை வேளாண் அறிஞர் மசனோபு ஃபுகுவோக்காவும் (1913–2008) பறவைகளிடமிருந்து விதையைக் காக்கக் களிமண் உருண்டைகளையே நம்பினார். உருண்டை காற்றில் பறப்பதில்லை. மழை பெய்து கரையும்வரை விதை உள்ளே பத்திரமாக இருக்கும். அறுத்த உடனே விதைக்காமல், சில மாதங்கள் வைத்திருந்த விதையைப் பயன்படுத்துவது நன்று. புது விதை சரிவர முளைக்காது.

சிறிய பாத்தியாயின் தென்னையோலையோ சோளத்தட்டையோ பரப்பலாம். முளை தெரிந்ததும் மாலை நேரத்தில் அதை அகற்றுங்கள். உச்சிவெயிலில் எடுத்தால் குருத்து வாடிவிடும். மயில் பெரும்பாலும் நடந்தே வருவதால், பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவது ஓரளவு தடுக்கும். வைக்கோல் பொம்மையோ, உருவம் வைக்கலாமா என்ற கேள்வி எழுமுன்னரே பயனற்றுப் போகிறது. நான்காம் நாள் அதன் தலையிலேயே காகம் அமர்ந்திருக்கும்!

சிலர் தானியத்தில் பூச்சிமருந்தைக் கலந்து வரப்பில் தூவுகின்றனர். இது கொடுமை. 1963 முதல் தேசியப் பறவையாக விளங்கும் மயில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொல்வோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தத் தானியத்தை நம் வீட்டுக் கோழியும் கொத்தும் என்பதையும் மறக்கலாகாது. ஒரு முஸ்லிம் பயிரிட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். விளைச்சலைக் காப்பதற்கு அது தடையன்று; ஆனால் பசியோடு வந்த உயிருக்கு நஞ்சு வைப்பவர் அந்தத் தர்மத்திற்கு எப்படி உரியவராவார்?

புல் முளைத்தபின் முதலாண்டில் ஆட்டை உள்ளே விடாமல் அறுத்தே போடுங்கள். ஒருபகுதியைப் பூத்து விதை உதிர விட்டால், மறுமழையில் விதைக்கும் வேலையே குறையும்.