நகம் செய்கிறவர்களின் கண்ணுக்கும் ஒரு விதி வேண்டும்

என் மேசையில் ஒரு காலத்தில் இரண்டு சின்னக் குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் கட்டைவிரல் உயரம். இரண்டுக்கும் கூர்மூக்கு, வெள்ளை மூடி. ஒன்று, நகத்தில் டிப்ஸ் ஒட்டுகிற பசை. மற்றது, ஏசிக் காற்றில் கான்டாக்ட் லென்ஸ் காய்ந்து உறுத்தும்போது விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து. ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, ஒன்பதரை மணி இருக்கும், தலையை அண்ணாந்து குப்பியைக் கவிழ்க்கப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் அத்தை சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஏம்மா, இப்பதானே அதுலேர்ந்து எடுத்து நகத்துல ஒட்டின?"

அந்தப் பசை ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்தது. ஈரம் பட்டதும் இறுகும். கண்ணைவிட ஈரமான இடம் உடம்பில் எது? 2021-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெண் நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில் இதையே செய்துவிட்டார். கழற்ற மறந்திருந்த லென்ஸ் குறுக்கே இருந்ததால் பார்வை தப்பியது என்று மருத்துவர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. எங்கள் தொழிலில் அது வாட்ஸப்பில் சுற்றியது. 'லென்ஸ் போட்டா கண்ணுக்குக் கவசம் மாதிரி' என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடிப்படிக்கு அடியில், பத்துக்கு எட்டு அறை என்னுடையது. பதினொரு வருடமாக நகம் செய்கிறேன். அதில் ஏழு வருடம் வேறொரு பார்லரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். கண்ணுக்கு மைனஸ் நாலரை பவர். பத்தொன்பது வயது வரை சோடாபுட்டி போட்டவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கண்ணாடி போட்ட முகம் பார்லருக்கு எடுப்பாக இல்லை என்று சொன்னார்கள். முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்பதும் உண்மைதான். இரண்டாவது மாதச் சம்பளத்தில் லென்ஸ் வாங்கினேன்.

பழைய அக்ரிலிக் நகத்தை எடுக்கும்போது, 'ரிமூவல்' என்போம், டிரில் மெஷினால் ராவுவோம். பெட்டியிலேயே நிமிடத்துக்கு 30,000 சுற்று என்று போட்டிருக்கும். நகம் மாவு மாதிரி பொடிந்து பறக்கும். புருவத்தில், கழுத்து மடிப்பில், டீ கிளாஸ் விளிம்பில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதில் எப்போதாவது ஒரு சில்லு தெறிக்கும். எனக்குத் தெறித்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சுருக்கென்றது. லென்ஸ் இருக்கிறதே என்று இரண்டு தடவை கண்ணைக் கசக்கிவிட்டு, அடுத்த ஆறு விரலையும் முடித்தேன். அதற்கப்புறம் இன்னொரு கஸ்டமர். வீட்டுக்குப் போய் லென்ஸைக் கழற்றும்போது மணி பதினொன்று.

காலையில் கண் சிவந்திருந்தது. அது மெட்ராஸ் ஐ பரவும் மாதம். பார்லரில் பார்த்தவுடனேயே, சிவப்பு போகிற வரைக்கும் வராதே, கஸ்டமருக்கு ஒட்டிக்கும் என்றார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டபோது அங்கேயும் மெட்ராஸ் ஐ என்றுதான் சொன்னார்கள், ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் ஜன்னல் வெளிச்சத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனேன். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. மெட்ராஸ் ஐ என்ற பேரே அங்கிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்த டாக்டரம்மா, "இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா. கருவிழியில கீறல், கீறல்ல புண்ணு. என்ன வேலை பாக்குற?" என்றார். நான் கையோடு கொண்டுபோன குப்பியை வாங்கிப் பார்த்தார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. கிருமி ஏறிய கருவிழிப் புண்ணுக்கு அதை விட்டால் புண் ஆழமாகும். மூன்று வாரம் மணிக்கொரு சொட்டு, இரண்டு மணிக்கொரு சொட்டு என்று போயிற்று. புண் ஆறியது, தழும்பு ஆறவில்லை. ராத்திரி ஜிஎஸ்டி சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் இடது கண்ணுக்கு இரண்டாகப் பிரிந்துதான் தெரிகிறது.

நடந்தது என்ன என்பதை அந்த டாக்டரம்மா எனக்குப் படம் போட்டே காட்டினார். சாஃப்ட் லென்ஸ் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் அகலம், கருவிழி சுமார் 12. ஆகவே லென்ஸ் கருவிழியை மூடிக்கொண்டுதான் உட்காரும். ஆனால் கண்ணின் வெள்ளைப் பகுதி, இமையின் உள்பக்கம் எல்லாம் திறந்தே கிடக்கும். சில்லு ஓரமாக விழுந்து, கசக்கும்போது லென்ஸுக்கு அடியில் நழுவினால், ஒவ்வொரு சிமிட்டலிலும் அது கருவிழியை உரசும். அது மட்டுமில்லை. சாதாரண சாஃப்ட் லென்ஸில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஸ்பாஞ்சு மாதிரி. நகச்சாயம் கரைக்கிற அசிட்டோன், அக்ரிலிக் குழைக்கிற மோனோமர், இவற்றின் ஆவி அடைத்த அறையில் சுற்றும்போது லென்ஸும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு கண்மேலேயே வைத்திருக்கக்கூடும். தெறிக்கும் திரவங்களில் நான் மிகவும் பயப்படுவது, அக்ரிலிக் வைப்பதற்கு முன் நகத்தில் பூசும் பிரைமர். அதன் சில வகைகளில் மெத்தக்ரிலிக் அமிலம் இருக்கிறது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட்டுத்தான் அதை விற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1999-லேயே விதி போட்டார்கள். இங்கே எங்கள் மேசையில் அது கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி, மூடி திறந்தபடியே இருக்கும்.

அப்படியானால் லென்ஸ் போட்டவள் இந்த வேலைக்கே வரக்கூடாதா? நான் திரும்பிப் போனபோது பார்லரில் அப்படித்தான் சொன்னார்கள். கண்ணாடி போட்டால் எடுப்பில்லை, லென்ஸ் போட்டால் ஆபத்து, போடாவிட்டால் சுண்டுவிரல் நகமே தெரியாது. இந்த மூன்றையும் ஒரே வாயிலிருந்து கேட்டேன். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளிலும் இதே பேச்சுதான் இருந்தது. வெல்டிங் வெளிச்சம் பட்டால் லென்ஸ் கருவிழியோடு உருகி ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வதந்தி உலகமெல்லாம் சுற்றியது. அது வெறும் கதை. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 2005-ல் இதை முறையாகப் பரிசீலித்து ஒரு அறிக்கை வெளியிட்டது. ரசாயனம் புழங்கும் இடத்திலும் லென்ஸ் அணிந்து வேலை செய்யலாம், ஆனால் மேலே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், அபாயத்தை முன்கூட்டி எடைபோட வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். லென்ஸ் கவசமும் இல்லை, குற்றவாளியும் இல்லை. அதற்கு மேலே மாட்ட வேண்டியது இல்லாததுதான் குறை.

சொல்லப்போனால் லென்ஸ் போடுகிறவளுக்கு இது சுலபம். பவர் கண்ணாடிக்காரிக்கு, கண்ணாடியையும் சேர்த்து மூடுகிற பெரிய காகில்ஸ் வேண்டும். எனக்குப் பக்கவாட்டு மறைப்பு வைத்த சாதாரண பாலிகார்பனேட் கண்ணாடியே போதும். பாரிமுனையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். அது சில்லை நிறுத்தும், தெறிப்பை ஓரளவு தடுக்கும். ஆவியை நிறுத்தாது. அதற்கு மேசையிலேயே தூளை இழுக்கும் டஸ்ட் கலெக்டரும், காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவைச் சாத்தி ஏசி போட்டுவிட்டால் காலையில் திறந்த அசிட்டோன் சாயங்காலம் வரை நம்மோடுதான் இருக்கும்.

என் தாத்தா நாகல்கேணியில் தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். கணுக்காலில் ஆறாத புண்ணோடுதான் அவரை எனக்கு ஞாபகம். நாங்கள் வாழும் இந்தப் பகுதி ரசாயனத் தொழிலுக்குப் புதிதில்லை. குரோம்பேட்டையின் பேரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் தலைமுறைக்குக் காகிதத்திலாவது ஒரு சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு கண்ணுக்கென்றே எழுதப்பட்டது. வேலையின்போது துணுக்கு தெறிக்கும் இடத்திலும், கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் உள்ள இடத்திலும் தகுந்த காகில்ஸோ மறைப்போ தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. துணுக்கு தெறிப்பது, வெளிச்சம் கூசுவது: டிரில் மெஷினும் ஜெல் உலர்த்தும் யுவி விளக்கும் வைத்த என் மேசையை எழுபது வருடத்துக்கும் முன்பே பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது. ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் பார்லர் தொழிற்சாலை இல்லை. அது கடை.

கடைக்கும் விதி செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமன்றம் நிறைவேற்றியது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே கால் வீங்கிய என் சித்தி மகள், அந்தச் செய்தி வந்த அன்று எனக்குப் போன் செய்து அழுதாள். சேல்ஸ் பெண் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகம் செய்கிறவள் காகில்ஸ் மாட்டினால் கஸ்டமர் பயந்துவிடுவார் என்று இன்று எங்களுக்குச் சொல்வதும் அதே வார்த்தைதான். அன்று மாற்ற முடிந்ததை இன்றும் மாற்றலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே சட்டத்தில் இன்னும் நாலு வரி சேர்க்க வேண்டும். நகத்தை ராவும், ரசாயனம் புழங்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, மேசைக்கு ஒரு தூள் உறிஞ்சி, காற்று வெளியேற வழி. மூன்றும் முதலாளி செலவில். லென்ஸ் போட்டிருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது. வேலையில் கண்ணில் பட்டதற்கு விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கக்கூடாது. சட்டத் திருத்தம் வர நாளாகும் என்றால், தாம்பரம் மாநகராட்சி தொழில் உரிமம் தரும்போதே இதை நிபந்தனையாக வைக்கலாம். அந்த மாநகராட்சி பிறந்ததும் 2021-ல்தான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை தெருவுக்கொரு நெயில் ஸ்டுடியோ முளைத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் நான். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவரைக்கூட இதுவரை பார்க்கவில்லை.

என் தொழில்காரப் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இது சட்டத்துக்குக் காத்திருக்காது. கண்ணில் ஏதாவது தெறித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கழுவலாம் என்று நிற்காதீர்கள். முதலில் தண்ணீர். சிங்க்குக்கு ஓட முடியாவிட்டால் மேசைக்கடியில் இருக்கும் கேன் தண்ணீர். இமையைப் பிரித்துப் பிடித்து, பதினைந்து நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். நடுவில் லென்ஸ் தானாக வந்தால் வரட்டும், இல்லையென்றால் கையை நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள். அந்த லென்ஸை மறுபடி போடாதீர்கள். பசை பட்டால் இமையைப் பிய்க்கவே கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையை நன்றாகக் கழுவாமல் கடையில் லென்ஸ் மாட்டுவதும் கழற்றுவதும் வேண்டாம், நம் விரலில் என்னென்ன இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். பையில் எப்போதும் பவர் கண்ணாடி இருக்கட்டும், உறுத்தின அந்த நிமிடமே மாறிக்கொள்ளுங்கள். நான் இப்போது கண் சொட்டு மருந்தைக் கைப்பையில் தனி ஜிப்பில் வைத்திருக்கிறேன். பசைக் குப்பியின் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறேன்.

பாதுகாப்புக் கண்ணாடியைப் பாரிமுனையில் வாங்கும்போது ஒரு டஜனாகவே வாங்கிவிட்டேன். போன மாதம், பக்கத்துப் பார்லரில் வேலை செய்யும் மிசோரம் பெண் மோனோமர் கடன் கேட்டு வந்தாள். இருபத்திரண்டு வயது, அவளும் லென்ஸ். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஒரு கண்ணாடியை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டேன். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கு அக்கா" என்றாள். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது முகத்தில் இல்லை. கேட்டேன். மேடம் கழற்றச் சொல்லிட்டாங்க என்று பையைத் திறந்து காட்டினாள். லன்ச் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில், துணியில் சுற்றி வைத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு நான்கு ரிமூவல் இருந்தது.